பலவீனம் இலக்கம் 3977

எங்கள் சபையின் பெயர் ‘கரையோர மின்னணு உயிர்காப்புக் கருவிகளின் மென்பொருட் பலவீனங்களைக் கண்டறிதலுக்கும் அவை பற்றிச் சான்றுரைத்தலுக்குமான பிராந்தியச் சபை’. இதை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் பணிப்பாளர் நோர்மன் சேர் ஒருவர்தான். தொலைபேசியை எடுத்தால் நாங்களும் இதை முழுதாகச் சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கை இருந்தது. அழைத்தவர்களில் பலர் அரைவாசியிலேயே வைத்துவிடுவார்கள். அந்த வருடம் முறைப்பாடுகள் குறைந்திருப்பதாக ஆண்டறிக்கையில் எழுதினோம்.

அரியாலையில் ஒரு பெரிய வீடுதான் சபை. எனக்கு அதில் மீளாய்வு உதவியாளர் வேலை, தற்காலிக நியமனம். குருநகரில் எங்கள் வீட்டில் கடலுக்குப் போகாத முதல் ஆள் நான். அதற்காக என்னைக் கேலி செய்யாத ஒரே ஆள் என் அண்ணை கனிசியஸ். ‘உவன் கரையில இருந்து எங்களைப் பாப்பான்’ என்று மற்றவர்களிடம் சொல்லுவார்.

சொன்னதில் பிழையில்லை. கடலுக்குப் போகிற ஒவ்வொரு வள்ளத்திலும் அபாயக் கருவி ஒன்று பூட்ட வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. சோற்றுப் பெட்டி அளவில் இருக்கும். சிவப்புப் பொத்தானை அமத்தினால் வள்ளத்தின் பெயரும் நிற்கிற இடமும் கரையிலுள்ள மீட்பு நிலையத்துக்குப் போகும், பச்சை விளக்கு எரியும். அதற்குள் ஓடுவது கொழும்பில் ஒரு கம்பனி எழுதிய கணினி நிரல், சி மொழியில் பதினோராயிரம் வரிகள். அந்த வரிகளை வாசித்து எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்வதுதான் எங்கள் வேலை.

சி பழைய மொழி. அது யாரையும் தடுக்காது. பத்து மீன் கொள்ளும் பெட்டி என்று சொல்லிவிட்டு நீங்கள் பதினோராவது மீனைப் போட்டால் அது வாய் திறக்காது. பக்கத்துப் பெட்டியில் இருப்பதைத் தள்ளிவிட்டு அதற்குள் போட்டுவிடும். இப்படியான இடங்களைத் தேடித் தருவதற்கென்றே ஒரு நிரல் இருக்கிறது. சபை அதற்கு ‘வருடி’ என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரை முடிவு செய்ய மூன்று கூட்டங்கள் பிடித்தன.

வருடியை ஓடவிடுவது ஒரு பொத்தானை அமத்துகிற வேலை. தை மாதம் அதற்கு விழா எடுத்தோம். விளக்கேற்றினோம், செபம் சொன்னோம், வெள்ளைச் சட்டையோடு நோர்மன் சேர் முன்னால் வந்து பொத்தானை அமத்தினார். பதினொரு செக்கனில் நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள் வந்து விழுந்தன. எல்லோரும் கைதட்டினார்கள்.

நோர்மன் சேர் வட்டுக்கோட்டைக்காரர். ஆங்கிலமும் தமிழும் அச்சடித்த மாதிரிப் பேசுவார், உணர்ச்சி வந்தால் மட்டும் ஊர்ப்பேச்சு வரும். அன்றைக்கு வந்தது.

“மற்றப் பிராந்தியத்துச் சபை தொளாயிரம்தான் கண்டுபிடிச்சவை. நாங்கள் நாலாயிரத்து எண்ணூறுக்கு மேலை. இந்த மண்ணின்ரை படிப்புக்கு வேறை என்ன சாட்சி வேணும்? இந்தப் பலவீனங்கள் எங்கடை சொத்து. ஒண்டைக்கூட அவசரப்பட்டு இழக்கப்படாது.”

ஒன்றையும் அவசரப்பட்டு இழக்கவில்லை. ஒவ்வோர் எச்சரிக்கையையும் தனித்தாளில் அச்சிட்டு, இலக்கமிட்டு, கோப்பில் கட்டினோம். புதன்கிழமைதோறும் குழு கூடும். ஒவ்வொரு தாளையும் மும்மொழியிலும் வாசிக்க வேண்டியிருந்ததால் ஒரு கூட்டத்துக்கு எட்டுத்தான் முடியும். முதலாவது புதன்கிழமை முழுவதும், அறிவித்துவிட்டு எங்கும் பயன்படுத்தாமல் விட்ட ஒரு மாறியை, அதாவது ஒன்றும் போடாத பெட்டி ஒன்றைப் பற்றிய பேச்சு. அதனால் ஒருவருக்கும் தீங்கில்லை, அழித்துவிடலாம் என்றேன்.

வகைப்படுத்தல் பிரிவின் தலைவி பியாட்றிஸ் மிஸ்ஸுக்கு மனம் கேட்கவில்லை. “இண்டைக்கு வேலையில்லை எண்டு நாளைக்கும் இல்லாமல் போகுமோ, தம்பி?” என்றார். அந்த மாறிக்கு ஆறு மாதத் தவணை கொடுத்தார்கள்.

மாசியில் நான் கோப்புகளைத் தூசு தட்டும்போது 3977 ஆம் தாளைக் கண்டேன். ‘எல்லை பார்க்காமல் நகலெடுக்கிறது’ என்று இருந்தது. அப்படிப்பட்ட தாள்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. இது எதை நகலெடுக்கிறது என்று பார்த்தேன். வள்ளத்தின் பெயரை.

பெயருக்குத் தொண்ணூற்றாறு இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆங்கில எழுத்துக்கு ஓர் இடம் போதும். தமிழ் எழுத்துக்கு மூன்று, குறியோடு வந்தால் ஆறு. கம்பனியில் இதை எழுதிய பொறியியலாளர் சுஜீவன் ‘போட் ஒன்று’ என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்துச் சோதித்திருந்தார். அவர் பழகிய கடலில் வள்ளங்களுக்கு அப்படிப் பெயர் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் வள்ளத்தின் பெயர் நேர்த்திக்கடன். ஆபத்தில் எந்தப் புனிதரைக் கூப்பிட்டார்களோ அவருடைய பெயரைப் பட்டங்களோடு முழுதாக எழுதி, சுவாமியாரைக் கொண்டு மந்திரித்த பிறகுதான் கடலில் இறக்குவார்கள். கருவியில் பதியும் பெயர் பதிவுப் பத்திரத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும் என்பது எங்கள் சபையின் விதி.

அண்ணையின் வள்ளத்தின் பெயர் ‘கடலின் நட்சத்திரமாம் தேவமாதா அடைக்கலம்’. அப்பா கடலில் தவறி மூன்றாம் நாள் உயிரோடு வந்தபோது அம்மா நேர்ந்த பெயர் அது. எண்ணிப் பார்த்தேன். நூற்றெட்டு இடம் வேண்டும். பன்னிரண்டு கூட. அந்தப் பன்னிரண்டும் போய் விழுகிற பக்கத்துப் பெட்டியில்தான் மீட்பு நிலையத்தின் இலக்கம் இருந்தது.

சோதனைக் கருவி ஒன்றில் அண்ணையின் வள்ளப் பெயரைப் பதிந்து சிவப்புப் பொத்தானை அமத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. மேசையில் மீட்பு நிலையத்துக்குப் பதிலாக வைத்திருந்த தொலைபேசி அசையவில்லை. ‘போட் ஒன்று’ என்று பதிந்து அமத்தினேன், உடனே அடித்தது. ஆறு தரம் மாற்றி மாற்றிச் செய்தேன். பிறகு பதிவேட்டைப் பார்த்தேன். தொண்ணூற்றாறைத் தாண்டிய பெயருள்ள வள்ளங்கள் நாற்பத்தொன்று.

குழுவில் பேச நேரம் கேட்டு அன்றைக்கே எழுதினேன். சித்திரையில் தந்தார்கள்.

நான் சொல்லி முடித்ததும் நோர்மன் சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “எமில்ராஜ், நீர் பொத்தானை அமத்திப் பாத்தனீரோ?”

“ஓம் சேர். ஆறு தரம்.”

“நாங்கள் வாசிக்கிற சபை. அமத்துற சபை இல்லை. அமத்துறதுக்கு வேறை சபை அமைக்கிறதாய்க் கதை இருக்கு. அவையின்ரை அதிகாரத்துக்குள்ளை நாங்கள் தலையிடப்படாது.”

“சேர், ஒரு வரியை மாத்தினால் சரி. கம்பனிக்கு அறிவிச்சால் போதும்.”

பியாட்றிஸ் மிஸ் கோப்பைப் புரட்டினார். “நீர் மூவாயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தேழைக் கதைக்கிறீர். நாங்கள் இப்ப நூற்றுப் பன்ரண்டிலை நிக்கிறம். முன்னாலை நிக்கிறதுகளுக்கு நாங்கள் என்ன பதில் சொல்லுறது?”

கணக்குப் பார்த்தேன். கிழமைக்கு எட்டு என்றால் இன்னும் ஒன்பது வருடத்துக்கு மேல். அதைச் சொன்னபோது பியாட்றிஸ் மிஸ் இரக்கத்தோடு அவசர முன்னுரிமைப் படிவம் ஒன்றைத் தந்தார். நல்ல மனுசி. படிவத்தில் ஒரேயொரு கேள்விதான் முக்கியம்: ‘இப்பலவீனத்தால் இதுவரை ஏற்பட்ட உயிரிழப்புகளின் எண்ணிக்கை’. பூச்சியம் என்று எழுதிக் கொடுத்தேன்.

“பூச்சியத்துக்கு நாங்கள் என்ன முன்னுரிமை குடுக்கிறது, தம்பி? நீரே யோசிச்சுப் பாரும்.”

இருந்தாலும் சபை கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. ‘நிர்வாக வசதி கருதி வள்ள உரிமையாளர்கள் தமது வள்ளங்களின் பெயர்களைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்’ என்று சுற்றறிக்கை விட்டது. சபையின் முழுப்பெயரும் அச்சிட்டதில் தாளில் பாதி போய்விட்டது. ஊரவன் என்பதால் அதை எடுத்துப்போக என்னை அனுப்பினார்கள். காரணம் சொல்லக்கூடாது. பலவீனம் எது என்று வெளியாருக்குச் சொன்னால் எதிரிகள் அதைப் பயன்படுத்துவார்கள் என்று ஒவ்வொருவரிடமும் சத்தியக் கடதாசி வாங்கியிருந்தார்கள். எங்கள் கடலில் நண்டு பிடிக்கிறவனுக்கு எந்த எதிரி என்று நான் கேட்கவில்லை.

அண்ணை கரையில் சிக்கெடுத்து வலை தெரிந்துகொண்டிருந்தார். சுற்றறிக்கையை இரண்டு தரம் வாசித்தார்.

“அம்மா வைச்ச பேரை ஏன் மாத்தவேணும்?”

“நிர்வாக வசதி, அண்ணை.”

“ஆருக்கு வசதி? பேர் நீளமெண்டால் பெட்டியைப் பெரிசாக்கச் சொல்லு. மந்திரிச்ச வள்ளத்தின்ரை பேரை வெட்டேலாது, தம்பி.”

பதினோராயிரம் வரிகளை வாசித்த எங்கள் சபையில் ஒருவரும் சொல்லாத திருத்தத்தை அவர் வலையிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்.

“அது கிடக்கட்டும். கருவி வேலை செய்யுந்தானே?” என்றார்.

சொல்ல வாயெடுத்தேன். சத்தியக் கடதாசி நினைவுக்கு வந்தது. நிரந்தர நியமனத்துக்கு என் பெயர் போயிருந்ததும் நினைவுக்கு வந்தது. பயந்துவிட்டேன். இதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

“சபை பாத்துக்கொண்டிருக்கு, அண்ணை.”

“நீ பாக்கிறாய் எண்டால் சரி,” என்றுவிட்டு அவர் வலையைத் திருப்பினார்.

ஐப்பசியில் கொழும்பிலிருந்து செயலாளர் ஒருவர் வரப்போவதாகச் செய்தி வந்தது. அவர் எங்கே போனாலும் முதலில் கேட்பது, மிச்சம் எத்தனை என்பதைத்தானாம். எங்களிடம் நாலாயிரத்து ஐந்நூறு மிச்சம் இருந்தது. தை மாதம் எங்கள் சொத்தாக இருந்தவை ஒரே இரவில் வெட்கக்கேடாகிவிட்டன. நோர்மன் சேருக்கு இரத்த அழுத்தம் ஏறியது.

கம்பனியிலிருந்து சுஜீவன் வந்து வழி காட்டினார். அவர் சிரித்த முகமுள்ள பெடியன். நிரலில் எந்த வரியின் மேலும் ‘பார்த்தாயிற்று’ என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டால் வருடி அந்த வரியைக் கடந்து போய்விடுமாம். உண்மையாகவே ஓராள் பார்த்து, பிழையில்லை என்று கண்டால் எழுதுவதற்காக வைத்த வசதி அது. “பாக்காமலும் எழுதலாம். அதுக்குத் தெரியாது,” என்றார்.

ஐந்து நாட்கள் சபை முழுவதும் உழைத்தது. வாகனச் சாரதியும் தட்டெழுதினார். ஆறு மாதத் தவணை வாங்கியிருந்த மாறியும் பிழைத்துக்கொண்டது. சுவரில் மிச்சத்தொகை காட்டும் பலகை ஒன்று மாட்டினார்கள். ஒவ்வொரு மணித்தியாலமும் அது இறங்கியது. கண்டுபிடித்தவரே தன் பலவீனத்தை மூடிப் பெயர் எழுத வேண்டும் என்பது மட்டும் விதி. வெள்ளிக்கிழமை பின்னேரம் பலகையில் ஒன்று என்று இருந்தது. அது என்னுடையது.

எல்லோரும் என் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். வடையும் தேநீரும் வந்துவிட்டன. நோர்மன் சேர் என் தோளில் கைவைத்தார்.

“தம்பி, பலவீனம் எண்டது என்ன? ஒராள் பாத்து, இது பலவீனம் எண்டு சொன்னால்தான் அது பலவீனம். சொல்லாட்டி அது வெறும் வரி. இவ்வளவு நாளும் நீர் ஒராள் சொல்லிக்கொண்டு நிண்டதாலைதான் இது பலவீனமாய் இருந்தது. உம்மிலை எனக்குக் கோவம் இல்லை. அடுத்த பதிப்பிலை கட்டாயம் திருத்துவம்.”

தட்டெழுதினேன். ‘பார்த்தாயிற்று. ஏற்கத்தக்கது. எமில்ராஜ்.’ பலகையில் பூச்சியம் வந்தது. கைதட்டினார்கள். திங்கட்கிழமை செயலாளர் வந்து பலகையோடு நின்று படம் எடுத்தார். நிரந்தர நியமனக் கடிதமும் அன்றைக்கே தந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை நான் இரண்டு வடை சாப்பிட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை, ஆனால் மறைக்கவும் மனமில்லை.

படம் பத்திரிகையில் வந்தது. ‘கடற்றொழிலாளர் பாதுகாப்பில் பூச்சியம் பலவீனம்’. அண்ணை அதைக் கரையில் எல்லோருக்கும் காட்டினாராம்.

கார்த்திகை நடுவில் தாழமுக்கம் ஒன்று எதிர்பார்த்ததற்கு ஒரு நாள் முன்னால் புயலாகி எங்கள் கரைப்பக்கம் திரும்பியது. அண்ணையும் அவரோடு தொழில் செய்யும் மரியரட்ணமும் காலையில் போனவர்கள். மற்ற வள்ளங்கள் எல்லாம் பின்னேரத்துக்குள் வந்து சேர்ந்தன. மீட்பு நிலையத்தில் போய்க் கேட்டேன். ஓர் அழைப்பும் வரவில்லை என்றார்கள். ஒருவரும் அபாயத்தில் இல்லை, அதனால் தேட வேண்டிய அவசியமும் இல்லை என்று ஆறுதல் சொன்னார்கள். அங்கே வைத்து நான் உண்மையைச் சொன்னேன், ஒன்பது மாதம் பிந்தி. நம்புவதற்குச் சபையின் கடிதம் கேட்டார்கள். ஊர் வள்ளங்கள்தான் கடைசியில் வெளிக்கிட்டுப் போயின.

மரியரட்ணத்தை அடுத்த நாள் மிதப்பு ஒன்றைப் பிடித்தபடி கண்டெடுத்தார்கள். அண்ணையை மூன்றாம் நாள் கொண்டுவந்தார்கள்.

மரியரட்ணம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“வள்ளம் கவிழ முந்தியே கனிசியஸ் பொத்தானை அமத்திப்போட்டான். பச்சை லைட் எரிஞ்சது. மூண்டு தரம் அமத்தினவன், மூண்டு தரமும் எரிஞ்சது. கொஞ்சத் தூரத்திலை வேறை வள்ளமொண்டு தெரிஞ்சது, நீந்துவம் வா எண்டன். வேண்டாம், விட்டுட்டுப் போனால் வாறவங்கள் எங்களைத் தேடோணும், இஞ்சையே நிப்பம் எண்டான். என்ரை தம்பி பாத்துவிட்ட சாமான், வருவாங்கள் எண்டான். கை விடுமட்டும் அதைத்தான் சொன்னவன்.”

செத்தவீட்டுக்குச் சபை முழுவதும் வந்தது. நோர்மன் சேர் அஞ்சலி உரை நிகழ்த்தினார்.

“அமரர் கனிசியஸ் ஒரு முன்மாதிரியான பாவனையாளர். பொத்தானை மூண்டு தரம் அமத்தினவர். எங்கடை கையேட்டின் ஒன்பதாம் பக்கத்திலையும் மூண்டு தரம் எண்டுதான் இருக்கு. பச்சை விளக்கும் எரிஞ்சிருக்கு. அந்தளவிலை கருவியும் தன்ரை கடமையைச் செய்திருக்கு எண்டது இந்தத் துயரத்திலையும் எங்களுக்கு ஓர் ஆறுதல்.”

பியாட்றிஸ் மிஸ் என் பக்கத்தில் வந்திருந்து கொஞ்ச நேரம் அழுதார். உண்மையாகவே அழுதார். போகும்போது கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தார். அவசர முன்னுரிமைப் படிவம். “அதை இப்ப நிரப்பலாம், தம்பி. நான் உடனை எடுக்கிறன்,” என்றார்.

ஒரு கிழமை கழித்து விசாரணைக் கூட்டம். வருடியை மறுபடி ஓடவிட்டார்கள். பூச்சியம் வந்தது. கருவியில் பலவீனமில்லை, வள்ளத்தின் பெயரில்தான் பலவீனம் என்று தீர்மானம் எழுதினார்கள். பிறகு நோர்மன் சேர் சுவரில் ஒரு வரைபடம் காட்டினார். அளவுக்கு மிஞ்சிய பெயருள்ள வள்ளங்கள் சென்ற காலாண்டில் நாற்பத்தொன்று, இந்தக் காலாண்டில் நாற்பது.

“நாங்கள் ஒண்டும் செய்யாமலே ஒண்டு குறைஞ்சிருக்கு,” என்றார். “போக்கு நல்ல திசையிலை இருக்கு.”

நான் எழுந்தேன். யாரையும் ஏசவில்லை. என் மேசையிலிருந்த கணினியையும் இணைப்பு வயரையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு நான் செய்தது ஏழு சுற்றறிக்கைகளுக்கு மாறானது என்று குற்றப்பத்திரம் வந்திருக்கிறது. அதில் முதலாவது குற்றம், சபையின் பெயரைக் கெடுத்தது.

அடுத்த நாள் காலை இறங்குதுறையில் ஒரு கவிழ்த்த பெட்டியில் இருந்தேன். சொல்லியனுப்பியபடி நாற்பது வள்ளக்காரரும் கருவிகளைக் கழற்றி மீன் கூடைகளில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். முதலாவது கருவியை எடுத்து, அந்த வரியை மாற்றி, உள்ளே ஏற்றி, பொத்தானை அமத்திப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த தொலைபேசி அடித்தது.

அண்ணையின் மனைவி ஜெயகௌரி மச்சாள் எப்போது வந்தார் என்று தெரியாது. கறுப்புச் சேலையோடு கூடைகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

“சரிவந்திட்டுதோ?”

“ஓம் மச்சாள்.”

“எவ்வளவு நேரம் எடுத்தது?”

“நாலு நிமிசம்.”

அவர் தொலைபேசியைப் பார்த்தபடி நின்றார்.

“உனக்கு இது எப்பவிருந்து தெரியும், எமில்?”

பொய் சொல்ல ஓர் இடமும் மிச்சமில்லை. “மாசியிலயிருந்து,” என்றேன்.

மச்சாள் ஒரு சொல் ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கண்ணீரில் எனக்கு எழுத்துகள் தெரியவில்லை. அவர் குனிந்து கூடையிலிருந்து அடுத்த கருவியை எடுத்தார். சேலைத் தலைப்பால் அதிலிருந்த உப்பைத் துடைத்து என் மடியில் வைத்தார்.

“அழுதுகொண்டிராமல் செய்,” என்றார். “அவங்கள் மத்தியானம் கடலுக்குப் போகவேணும்.”